தாளம் போடும் கையை வரைவது

அன்புள்ள ஐயா,

கச்சேரி ஓவியங்களைப் பற்றித் தாங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நானும் யூடியூப் காணொளியை நிறுத்தி வைத்துக்கொண்டு பாடகர்களை வரைந்து பார்க்கிறேன். சாயல் அமைந்துவிடுகிறது, ஆனால் பாடுகிறவராக அல்லாமல் பல்வலிக்காரராகத்தான் தெரிகிறார். சங்கீதம் முறையாகக் கற்றால்தான் இது கைகூடுமா?

வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

கோளாறு நிறுத்தி வைத்த காணொளியில்தான் இருக்கிறது. ஒரு கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அந்தக் குழைவு, அசைந்து முடிவதற்குள் வாயும் புருவமும் பல நிலைகளைக் கடந்துவிடுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து வைத்தால் கிடைக்கும் முகத்தை அரங்கில் இருந்த எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரங்கிலேயே உட்கார்ந்து வரையுங்கள். தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையில் பாடகரின் கை தன் போக்கில் போகும். அதைத் துரத்திப் பயனில்லை. கீர்த்தனை தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். ஆதி தாளமானால் ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல்களின் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சும் இருமுறை என்று எட்டு அட்சரங்களில் (தாள எண்ணிக்கைகளில்) கை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. ஒரே பக்கத்தில் சில உருவங்களை அரைகுறையாகத் தொடங்கி வைத்துக்கொண்டு, வீச்சில் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பும்போதெல்லாம் அதற்குரிய உருவத்தில் ஒரு கோடு சேர்ப்பது என் வழக்கம். மெதுவாக நகரும் சௌக்க காலக் கீர்த்தனை இதற்குப் பேருதவி. வயலின்காரர் இன்னும் வசதியானவர்: கருவியின் தலை வலது கணுக்காலருகே ஊன்றியிருப்பதால் வில் எங்கே போனாலும் அவருடைய உடலின் முக்கோணம் அதிகம் குலைவதில்லை. ஆகவே, தாளம் போடத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும் என்பேன்.

சங்கீத ஞானம் மட்டுமே ஓவியத்தில் பாட்டைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு, இத்தாலிய வயலின் மேதை பகனீனியை வரைந்த பிரெஞ்சு ஓவியர் இருவரைப் பாருங்கள். ஆங்கர் தாமே வயலின் வாசித்தவர். 1819இல் அவர் பென்சிலால் வரைந்த பகனீனி கருவியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பொத்தான் முதற்கொண்டு துல்லியமாக, வாசிக்காமல் நிற்கிறார். டெலக்ரோவா 1831இல் தீட்டிய சிறிய படத்தில் உடை முழுவதும் இருளில் கரைந்து, முகமும் கைகளும் மட்டும் வெளிச்சத்தில் நிற்க, வளைந்த உடல் வாசிப்புக்குள் போய்விட்டிருக்கிறது. முன்னது நல்ல உருவப்படம். கச்சேரியைக் கேட்க வேண்டுமானால் நான் பின்னதிடம்தான் போவேன்.

ஒலிவாங்கிக் கம்பி பாடகரின் வாயை மறைக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், அதுவே உங்களுக்குச் சாதகம். பின்னால் தொங்கும் புரவலர் பதாகையைத் தயங்காமல் விட்டுவிடலாம். அதன் மஞ்சளும் சிவப்பும் எந்தப் பட்டுப்புடவையையும் தின்றுவிடும்.

சாயல் அவசியம் வேண்டுமென்றால் திரை விலகியவுடன் தயாராக இருங்கள். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாக வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கத்தின்) ஓரத்தைத் தட்டிச் சுருதி சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களில் பாடகர் தம்பூராவில் செவியை வைத்து ஏறக்குறைய அசையாமல் இருப்பார். முகத்தை அப்போதே குறித்துக்கொண்டு, உடலையும் கையையும் பிறகு கீர்த்தனையில் எடுத்துக்கொள்ளுங்கள்.