வீட்டு மாடியில் உள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடனே பிரித்துவிட வேண்டுமா?

20 ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள், அதனால் புற்றுநோய் வருமா, கொத்தனாரை வைத்து இந்த வாரமே பிரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விரிசல் இல்லாத ஷீட்டை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். அத்தனை ஆண்டுகளாக அந்தக் கூரையிலிருந்து வராத தூசி, அதை முறையின்றி உடைத்து இறக்கும் ஒரே பகலில் வந்துவிடக்கூடும்.

நம் ஊரில் போடும் அலை ஷீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை; மீதி பெரும்பாலும் சிமெண்டும் சாம்பலும். இழைகள் சிமெண்டுக்குள் பிடிபட்டிருக்கும் வரை காற்றில் கலப்பது மிகக் குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவில் பறந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தங்கிவிடுகின்றன. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா ஆகியவை 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகும். ஷீட்டில் சேர்க்கும் வெள்ளைக் கல்நார் வகை ஆபத்தில்லாதது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது.

பிரிட்டன் 1999-இலேயே வெள்ளைக் கல்நாரையும் தடை செய்துவிட்டது. இந்தியாவில், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. ஆனாலும் ஷீட் விற்பனைக்குத் தடை வரவில்லை. இலங்கை படிப்படியாகத் தடை செய்யத் திட்டமிட்டிருந்தது. 2017 இறுதியில், பெட்டியில் ஒரு வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடும் ரஷ்யாதான்.

உங்கள் கூரைக்கு வருவோம். உடைந்த விளிம்பைத் தொடாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பஞ்சு போல மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருந்தாலோ, மேற்பரப்பு பொரிந்து உதிரும் நிலைக்கு வந்திருந்தாலோ மாற்றத் திட்டமிட வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் அதில் டிஷ் ஆன்டெனாவுக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ ஓட்டை போடக் கூடாது. நான் அதிகம் பார்க்கும் தவறு, வெயில் தடுக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்கும் முன், பாசியைக் கம்பி பிரஷ்ஷால் காய்ந்த நிலையிலேயே சுரண்டுவதுதான். கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, மேலே அந்த வேலை நடக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், குடும்பத்தினர் அன்று வேறிடத்தில் இருக்கட்டும். ஷீட்டைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் அடிக்காமல் வெட்டியெடுத்து, ஒவ்வொரு ஷீட்டையும் முழுசாகக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். அதன் மேல் நேரடியாகக் கால் வைத்தால் உடைந்து ஆள் விழுந்துவிடுவார். பலகை போட்டே ஏற வேண்டும். துணியும் அறுவை சிகிச்சை மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது, முகத்தில் இறுகப் பொருந்தி நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 (FFP3) தர மாஸ்க் வேண்டும். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைக்காரர் வேலையின்போது போட்டிருந்த உடுப்போடு வீட்டுக்குப் போகக் கூடாது. கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தே மீசோதீலியோமா வந்த பெண்கள் உண்டு.

இறக்கிய ஷீட்டைக் கோழிக்கூண்டுக்கோ குளியலறைத் தடுப்புக்கோ யாருக்கும் கொடுக்காதீர்கள். கனமான பாலிதீனில் இரண்டு அடுக்காகச் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள். புதிதாக வாங்கும்போது, "சிமெண்ட் ஷீட்" என்ற பெயரை மட்டும் நம்பாமல், ஆஸ்பெஸ்டாஸ் கலவாதது என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.