நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் 30 ஆண்டுகள் சம்பளமே இல்லாமல் ஆராய்ச்சி செய்தாரா? அணுக்கருவின் மாய எண்களை எப்படி விளக்கினார்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: சம்பளமே வாங்கவில்லை என்பது சரியல்ல. ஆனால் 1930-ல் முனைவர் பட்டம் பெற்றவருக்கு முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் வேலை கிடைத்தது 1960-ல்தான் என்பது உண்மை. இடையில் பல்கலைக்கழகங்கள் அவருக்கு அறை கொடுத்தன, பாடம் எடுக்கவிட்டன, ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டவும் விட்டன. அதற்குரிய பதவியும் ஊதியமும் மட்டும் வரவில்லை. சம்பளம் வந்தபோதெல்லாம் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து, அரைநேர வேலைக்காக வந்தது. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அவருடைய ஆய்வு போன திசையையே அது தீர்மானித்தது.

பிறந்தது 1906-ல், அன்று ஜெர்மனியில் இருந்த, இன்று போலந்தில் இருக்கும் காட்டோவிட்ஸில். வளர்ந்தது கோட்டிங்கனில். அப்பா அங்கே குழந்தை மருத்துவப் பேராசிரியர். அந்தக் குடும்பத்தில் தொடர்ச்சியாக ஆறாவது தலைமுறைப் பேராசிரியர். 1924-ல் கணிதம் படிக்கச் சேர்ந்த மரியாவை அங்கே பேராசிரியராக இருந்த மாக்ஸ் போர்ன் இயற்பியல் பக்கம் இழுத்தார். குவாண்டம் இயக்கவியல் அந்த ஊரில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது.

அவருடைய ஆய்வேட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அது வருத்தமான விஷயம். ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, உட்கவர்ந்து மேல் ஆற்றல் மட்டத்துக்குப் போக முடியும் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். இது நடக்கும் வாய்ப்பு ஒளிச்செறிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் சாதாரண விளக்கொளியில் அதைப் பார்க்கவே முடியாது. லேசர் வந்த பிறகு, 1961-ல்தான் சோதனையில் உறுதியானது. இன்று உயிருள்ள திசுவின் உள்ளே பார்க்க உதவும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அந்த உட்கவர்தலை அளக்கும் அலகுக்கும் அவர் பெயர்தான்.

1930-ல் அமெரிக்க வேதியியலாளர் ஜோசப் மேயரை மணந்து, அவர் வேலை பார்த்த பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கணவரும் மனைவியும் ஒரே இடத்தில் பணியில் இருக்கக் கூடாது என்பது அன்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நடைமுறை. போதாததற்குப் பொருளாதார மந்தம். ஜெர்மன் மொழிக் கடிதங்களைக் கவனிக்கும் உதவியாளர் வேலைக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். கோட்டிங்கனில் பழகிய குவாண்டம் கோட்பாட்டைப் பேச அங்கே அவ்வளவாக ஆள் இல்லை. சுற்றி இருந்தவர்கள் கணவரும், இயற்பியலாளர் கார்ல் ஹெர்ட்ஸ்ஃபெல்டும். எனவே வேதி இயற்பியலுக்குள் இறங்கினார். நடுவில் 1935-ல், ஒரு கருவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்து வெளியேறும் இரட்டை பீட்டா சிதைவைக் கணக்கிட்டு, அதன் அரை ஆயுள் 10-இன் 17-ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கு மேல் என்றார். அந்த அரிய சிதைவைப் பல நாடுகளில் இன்றும் நிலத்தடி ஆய்வகங்களில் அளக்கிறார்கள்.

1939-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே அறை உண்டு, சம்பளம் இல்லை. யுரேனியத்துக்கு அப்பால் உள்ள தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும்படி இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி சொன்னார். அவை அருமண் தனிமங்களைப் போல ஒரு புது வரிசையாக இருக்கும் என்ற முடிவுக்கு மரியா வந்தார். 1941 டிசம்பரில் சாரா லாரன்ஸ் கல்லூரியில் அரைநேர ஆசிரியர் வேலை. அடுத்த ஆண்டு, யுரேனியம் 235-ஐப் பிரிக்கும் போர்க்காலத் திட்டத்தில் இன்னொரு அரைநேர வேலை. ஒளியைக் கொண்டு ஐசோடோப்புகளைப் பிரிக்கலாமா என்று பார்த்தார். அன்றைய கருவிகளுக்கு அது எட்டவில்லை. அந்தக் காலத்து உழைப்பிலிருந்து வேதியியலாளர் ஜேக்கப் பிகலைசனோடு சேர்ந்து 1947-ல் வெளியிட்ட சமன்பாட்டை, பழங்காலக் கடல்நீரின் வெப்பநிலையைக் கணிக்கும் புவி வேதியியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

சம்பளமில்லாததால் எதை வேண்டுமானாலும் சுதந்திரமாக ஆராய முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். எந்த ஊரில் யார் பக்கத்தில் இருந்தார்களோ, அவர்களுடைய கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரே கேள்வியை ஐந்தாறு ஆண்டுகள் பிடித்துக்கொண்டு போக நிலையான இடம் வேண்டும். அது 1946-ல்தான் ஓரளவு அமைந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் 'ஊதியமில்லாப் பேராசிரியர்' ஆக்கியது. புதிதாகத் தொடங்கிய ஆர்கான் தேசிய ஆய்வகம் அரைநேரச் சம்பளம் கொடுத்தது. அந்த வேலைக்கு அழைத்தவர் ராபர்ட் சாக்ஸ், ஹாப்கின்ஸில் அவரிடம் படித்த மாணவர். அணுக்கரு இயற்பியல் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று தயங்கிய மரியா, மூன்றே ஆண்டுகளில் அந்தத் துறையின் பெரிய புதிரை அவிழ்த்தார்.

1960-ல் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் முழுநேரப் பதவி தந்தது. போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பக்கவாதம் தாக்கியது. 1963-ல் நோபல்: பாதி யூஜின் விக்னருக்கு, மீதிப் பாதியை மரியாவும் ஜெர்மன் இயற்பியலாளர் ஹான்ஸ் யென்சனும் பகிர்ந்துகொண்டார்கள். 1972-ல் காலமானார்.

இனி மாய எண்கள். புரோட்டான் எண்ணிக்கையோ நியூட்ரான் எண்ணிக்கையோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்று வரும் கருக்கள் மற்றவற்றைவிட உறுதியானவை. 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு 10 நிலையான ஐசோடோப்புகள். வேறு எந்தத் தனிமத்துக்கும் அத்தனை இல்லை. ஈயம் 208-ல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லரோடு தனிமங்களின் தோற்றத்தை ஆராய்ந்தபோது இந்த எண்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதை மரியா கவனித்தார். 1930-களில் எல்சாசர் போன்றவர்களும் இதைக் கவனித்திருந்தார்கள். ஆனால் கருவை ஒரு திரவத்துளியாகப் பார்த்தவர்கள், அவ்வளவு நெருக்கத்தில் ஒரு துகள் தனக்கென்று ஒரு பாதையில் ஓட முடியாது என்று அதை ஒதுக்கினார்கள். ஒரே வகைத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி தவிர்ப்புத் தத்துவத்தை அவர்கள் போதுமான அளவு எடைபோடவில்லை. மோதினால் போய்ச் சேர வேண்டிய மட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த மோதல் நடக்காது. துகள் தன் பாதையிலேயே போகும்.

கணக்கை நீங்களே தாளில் போடலாம். மையத்திலிருந்து விலக விலக வில்லைப் போல உள்ளே இழுக்கும் ஒரு குழிக்குள் (சீரிசை அலையியற்றி) துகள்கள் இருப்பதாக வைத்தால் ஆற்றல் அடுக்குகளின் கொள்ளளவு 2, 6, 12, 20, 30, 42. கூட்டிக்கொண்டே வந்தால் 2, 8, 20 சரியாக வரும். அடுத்து 40, 70, 112 என்று போய்விடும். குழியின் வடிவத்தை எப்படி மாற்றினாலும் 28, 50, 82, 126 ஒழுங்காக வராது. எல்லோரும் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

இந்தப் புதிரை மரியாவோடு பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்புக்காக அறையை விட்டுக் கிளம்பிய ஃபெர்மி, துகளின் சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதைக்கும் பிணைப்பு இருப்பதற்கு ஏதாவது அறிகுறி உண்டா என்று கேட்டார். எண்களோடு பல மாதம் புழங்கியிருந்த மரியாவுக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. தன் மகளுக்கு அவர் சொன்ன விளக்கம்: கூடம் நிறைய ஜோடிகள் வால்ட்ஸ் ஆடியபடி வட்டமாக வருகிறார்கள், சுற்றும் திசையிலேயே தாமும் சுழல்பவர்களுக்கு ஆட்டம் எளிது. அப்படிச் சுழலும் துகளின் ஆற்றல் இறங்கும். சுற்றும் இயக்கத்தின் அளவான கோண உந்தம் கூடக்கூட இந்த இறக்கமும் கூடும்.

இப்போது மீண்டும் கூட்டுங்கள். நான்காம் அடுக்கில் கோண உந்தம் 3 உள்ள மட்டம் இரண்டாகப் பிரிகிறது. சுழற்சியையும் சேர்த்த மொத்தக் கோண உந்தம் 7/2 உள்ள பகுதி கீழே இறங்குகிறது. அதில் 8 இடங்கள்: 20 + 8 = 28. அந்த அடுக்கில் மீதி 12 இடங்கள். மேல் அடுக்கிலிருந்து 9/2 மட்டம் 10 இடங்களோடு இறங்கி இவற்றோடு சேர்கிறது: 28 + 22 = 50. ஐந்தாம் அடுக்கில் மீதி 20, அதற்கும் மேலிருந்து இறங்கும் 11/2 மட்டத்தின் 12: 50 + 32 = 82. பிறகு மீதி 30, 13/2 மட்டத்தின் 14: 82 + 44 = 126.

மாணவர்கள் வழக்கமாகத் தவறுவது பிணைப்பின் குறியில். அணுவில் எலக்ட்ரானுக்கு உள்ள அதே மின்காந்தப் பிணைப்பைக் கருவிலும் போட்டால் அளவு மிகச் சிறியதாக இருக்கும், திசையும் தலைகீழாக இருக்கும். கருவில் இது வலுவான அணுக்கரு விசையிலிருந்து வருகிறது. யென்சன், ஹாக்ஸல், சூஸ் மூவரும் இதே விடையை ஜெர்மனியில் தனியாகக் கண்டார்கள். இரு தரப்பின் கட்டுரைகளும் 1949-ல் வெளிவந்தன. பின்னர் மரியாவும் யென்சனும் சேர்ந்தே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள்.

சரிபார்க்க, மாய எண்ணுக்கு ஒரு துகள் கூடவோ குறையவோ உள்ள கருக்களை எடுங்கள். ஆக்சிஜன் 17-ல் ஒன்பதாவது நியூட்ரான் 5/2 மட்டத்தில். அளந்த சுழற்சியும் 5/2. கால்சியம் 41-க்கு 7/2, பிஸ்மத் 209-க்கு 9/2, இரண்டும் பொருந்தும். ஆனால் ஃப்ளூரின் 19-ல் இந்த எளிய விதி 5/2 என்கிறது, அளந்தால் 1/2. மாய எண்ணில் நிரம்பிய கூட்டுக்கு (மூடிய கூடு) வெளியே பல துகள்கள் இருந்தால் அவை தமக்குள் சேர்ந்து கருவின் கோள வடிவத்தையே நீட்டிவிடும். அதை விளக்கியதற்காகத்தான் இயற்பியலாளர்கள் ஆகே போர், மாட்டல்சன், ரெய்ன்வாட்டர் மூவருக்கும் 1975-ல் நோபல் கிடைத்தது. நியூட்ரான் மிதமிஞ்சிய கருக்களில் மாய எண்களே இடம் மாறுகின்றன: மெக்னீசியம் 32-ல் 20 நியூட்ரான் இருந்தும் அங்கே கூடு மூடுவதில்லை, ஆக்சிஜன் 24-ல் 16 மாய எண்ணாகிறது.