பிரசவத்துக்குப் பிறகு மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள், தானாகச் சரியாகிவிடுமா?

குழந்தைக்கு இரண்டு மாதம் என்கிறீர்கள். அப்படியானால் காத்திருக்காதீர்கள். பிரசவமான இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது நிறையப் பேருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் அடங்கியும்விடும். அதைத் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, பிள்ளையைத் தூக்கவே பிடிக்காதது எல்லாம் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். "பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய, மருத்துவர் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் கேளுங்கள், இரண்டுமே இதே மாதிரி சோர்வைக் கொடுக்கும். மாத்திரை என்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், பாலூட்டுபவர்களுக்கும் மருத்துவர்கள் தருகிறார்கள்.

அம்மாவின் மனச்சோர்வு குழந்தையையும் தொடும். 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர், அம்மா சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். முதலில் சிரித்துக் கூப்பிடும், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தயவுசெய்து இதை மனைவியிடம் சொல்லிக் குற்ற உணர்வை ஏற்றாதீர்கள். குழந்தை தேடும் சிரித்த முகத்தை நீங்களும் காட்டலாமே! ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொண்டு அவரை நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுங்கள்.

14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை தனியே விடாதீர்கள்.