ஒரு வரி கோடிங் ஒட்டினால் தளம் எல்லோருக்கும் திறந்துவிடுமா?

கேள்வி: சேலை விற்கும் இணையதளம் நடத்துகிறேன். மாதச் சந்தா கட்டி ஒரே ஒரு வரி கோடிங் சேர்த்தால் போதும், பார்வையற்றவர்களும் தளத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை உங்கள் டெவலப்பருக்குக் கொடுங்கள்.

அந்த ஒரு வரி, பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஐகானைக் கொண்டுவந்து வைக்கும். தட்டினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். அதெல்லாம் தேவைப்படுகிறவர் தம் போனிலேயே செட் செய்து வைத்திருப்பார். தளத்தின் கோடிங்கில் உள்ள கோளாறுகளில் சிலவற்றை மட்டும் இந்தக் கருவி ஊகித்து ஒட்டுப்போடும். சந்தாவை நிறுத்தினால் அந்த ஒட்டும் போய்விடும்.

உங்கள் சேலைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதைப் பற்றிய ஒரு விவரம் எழுத்தில் வேண்டும்; அதைத்தான் அவருடைய ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) படித்துச் சொல்லும். கருவி அதற்குத் தானாக எழுதும் விவரம் ‘சிவப்பு உடையில் ஒரு பெண்’ என்பதுபோல் இருக்கும். வாங்க வருகிறவருக்கு வேண்டியது அதுவா? அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் பார்டர், முந்தியில் அன்னப்பட்சி. சேலையைக் கையில் எடுத்துப் பார்த்த நீங்கள்தான் அதை எழுத முடியும்.

அப்புறம் முகவரிப் படிவம். பெட்டிக்கு மேலே ‘பின்கோடு’ என்று கண்ணுக்குத் தெரியும். கோடிங்கில் அந்தச் சொல்லைப் பெட்டியோடு இணைக்காவிட்டால், ஸ்கிரீன் ரீடர் ‘எடிட், பிளாங்க்’ என்று மட்டும் சொல்லக்கூடும். எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது? சேலையைத் தேர்ந்தெடுத்து, கார்ட்டில் போட்டு, இவ்வளவு தூரம் வந்தவர் இங்கே திரும்பிப் போகிறார் என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டெவலப்பருக்கு இது சில நிமிட வேலை.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொன்று: பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துக் குதறலாம், விட்டுவிட்டும் போகலாம். அதைத் தமிழ் என்று மாற்றச் சொல்லுங்கள்.

இவர்களின் விளம்பரத்தை நம்பவும் வேண்டாம். தன் கருவி எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜி (மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டி) விதிகளுக்குப் பொருந்த வைக்கும் என்று அக்செசிபி நிறுவனம் சொன்னது தவறான விளம்பரம் என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2025-இல் 10 லட்சம் டாலர் கட்ட உத்தரவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் கீயை மட்டும் தட்டித் தட்டி ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்யுங்கள். ஒரு தட்டு தட்டினால் படிக்கும், இரண்டு தட்டினால் திறக்கும். கடைசியாக, தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய சம்பளம் கொடுத்து, ஒரு சேலை வாங்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அதை முதலில் சரிசெய்யுங்கள்.