119 நாட்களே பிரிட்டன் பிரதமராக இருந்த ஜார்ஜ் கேனிங்கைப் பற்றிப் படிப்பதால் என்ன பயன்?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கேள்வியில் தெரியும் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இதே கேனிங்கால் ஒரு மதிப்பெண்ணை இழந்தவன் நான் என்பதால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

நான் படித்த பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில், இந்தியத் தலைமை ஆளுநராக நியமிக்கப்பட்டும் பதவியேற்க வராத ஒருவரைக் குறிப்பிடச் சொல்லியிருந்தார்கள். ஜார்ஜ் கேனிங் என்று எழுதினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ‘கேனிங் 1856இல் வந்தாரே!’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். வந்தவர் மகன் சார்லஸ், நான் எழுதியது தந்தையை என்று விளக்கியபோது வகுப்பே சிரித்தது. அவர்கள் கையேட்டில் ஒரே ஒரு கேனிங்தான் இருந்தார்.

நடந்தது இதுதான். 1822இல் தலைமை ஆளுநராக நியமிக்கப்பட்ட ஜார்ஜ் கேனிங் கப்பலேற ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். ஆகஸ்ட் 12 அன்று வெளியுறவு அமைச்சர் காசில்ரே பேனாக்கத்தியால் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்தார். அந்தப் பொறுப்பு கேனிங்கைத் தேடி வந்தது, இந்தியாவுக்கு ஆம்ஹர்ஸ்ட் அனுப்பப்பட்டார். இதே காசில்ரேதான் 1809 செப்டம்பர் 21 அன்று பட்னி ஹீத் திடலில் கேனிங்கின் தொடையில் சுட்டவர். இருவரும் ஒரே அமைச்சரவையில் இருந்தபோது, காசில்ரேயைப் போர்த்துறையிலிருந்து அகற்றும்படி கேனிங் பிரதமரிடம் மாதக்கணக்கில் ரகசியமாக வற்புறுத்தி வந்தது அம்பலமாகி, அது கைத்துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது. முதல் சுற்றில் இரண்டு குண்டுகளும் தவறின. காசில்ரே விடவில்லை, இரண்டாவது சுற்றில்தான் கேனிங்குக்குக் காயம் பட்டது.

காலனி ஆட்சியாளரைப் புகழ்கிறேன் என்று யாரேனும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 1807இல் நடுநிலை நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தை மூன்று இரவுகள் குண்டுவீசித் தாக்கியபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் இவரே. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1824 இறுதியில் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த மெக்சிகோ, கொலம்பியா, புவெனஸ் ஐரிஸ் (இன்றைய அர்ஜென்டினா) ஆகியவற்றைத் தனி நாடுகளாக அங்கீகரிக்கும் முடிவுக்கு அமைச்சரவையைக் கொண்டுவந்தவரும் இவர்தான் என்பதை மறைக்க முடியுமா?

எனக்கு அவர்மீது உள்ள பற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு வயதில் தந்தையை இழந்தவர். வறுமையில் தாய் நாடக மேடை ஏறினார், பிள்ளையைச் சிற்றப்பா வளர்த்தார். நாடகக்காரியின் மகன் பிரதமராகவே தகுதியற்றவன் என்று அன்றைய அரசியல் தலைவர் கிரே பிரபு கருதியதாகச் சொல்வார்கள். ஈட்டன், ஆக்ஸ்போர்டு படிப்பும் நாவன்மையும் அந்த வாயை அடைக்கவில்லை. 1827 ஏப்ரலில் பிரதமரானதும் வெலிங்டன், பீல் போன்ற அமைச்சர்கள் அவர்கீழ்ப் பணியாற்ற மறுத்து விலகினார்கள். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை வழங்க அவர் ஆதரவாக இருந்தது முதன்மைக் காரணம். அவர் ஆகஸ்ட் 8 அன்று இறந்தார். அதே உரிமைச் சட்டத்தை 1829இல் நிறைவேற்றியவர்கள் வெலிங்டனும் பீலும்தான். அவர்களுக்குக் கையேடுகளில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அந்த ஒரு மதிப்பெண் கடைசிவரை எனக்குக் கிடைக்கவில்லை. 1822 செப்டம்பரில் தந்தை லண்டனிலேயே தங்கிவிட முடிவு செய்தபோது, ஆசிரியர் சொன்ன கேனிங்குக்கு வயது ஒன்பது.