தோலில் வரும் வழக்கமான தொல்லைகள்: கேள்வி பதில்

நான் பொது மருத்துவன், தோல் நிபுணன் இல்லை. ஆனால் தோலில் எது வந்தாலும் பலர் முதலில் காட்டுவது என்னைப் போன்றவர்களிடம்தான். படம் மட்டும் அனுப்பியவர்களுக்குப் பதில் எழுதவில்லை, கோபிக்க வேண்டாம். எத்தனை நாளாக இருக்கிறது, அரிக்கிறதா, இதுவரை என்ன தடவினீர்கள் என்று தெரியாமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது ஜோசியம்.

கேள்வி: தொடையிடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. மருந்துக்கடையில் வாங்கிய க்ரீமைப் போட்டால் இரண்டே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. ஆறு மாதமாக இதே கதை.

அந்த ட்யூபில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்களுக்கு வந்திருப்பது அநேகமாகப் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

படர்தாமரையைக் காட்டிக்கொடுப்பது அதன் விளிம்புதான். ஓரம் சற்று மேடாகச் செதிலோடு இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பட்ட பிறகு அந்த ஓரம் கலைந்து, வட்டத்துக்குள் வட்டம் வந்து, பார்க்கிற டாக்டரே குழம்பிப்போவார். அப்போது ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும்.

ஸ்டீராய்டு கலந்த அந்த க்ரீமை நிறுத்துங்கள். சில நாள் அரிப்பு கூடும், பயந்துபோய் மறுபடி அதையே எடுக்காதீர்கள். புதிதாக வந்த சின்ன வட்டமாக இருந்தால், டெர்பினஃபினோ க்ளோட்ரிமசோலோ, இந்தப் பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீமை விளிம்பைத் தாண்டியும் தடவி, மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர்ந்தால் போதும். ஆறு மாதக் கதைக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும், நேரில் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், துண்டைப் பகிரக் கூடாது. இந்த மாதிரி மடிப்புகளில் வலுவான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அந்தக் கோடு பிறகு போவதே இல்லை.

கேள்வி: எனக்கும் குழந்தைக்கும் ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. சொறி என்று சொல்லி பெர்மெத்ரின் கொடுத்தார்கள். ஒரு முறை போட்டோம், ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை. என் கணவருக்கு அரிப்பு இல்லை, அதனால் அவர் போடவில்லை.

விஷயம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. சொறிப் பூச்சி முதல் முறை உடலில் ஏறினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அவருக்கு அரிக்கவில்லை என்பதால் பூச்சி இல்லை என்று ஆகாது. நீங்கள் குணமானாலும் அவரிடமிருந்து திரும்ப வரும்.

வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் 5 சதவீத பெர்மெத்ரினைப் போடுங்கள். கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடக் கூடாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பு, நகத்தடி, எல்லாம்தான். கைக்குழந்தைக்கு கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலை, முகத்திலும் போட வேண்டும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 8 முதல் 12 மணி நேரம் இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி தடவுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 7 நாள் கழித்து இன்னொரு முறை. அன்றைய துணி, படுக்கை விரிப்பைச் சூடான தண்ணீரில் துவைத்துவிடுங்கள்.

பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். அதற்காகப் பெர்மெத்ரினைத் தினமும் பூசினால் அந்த எரிச்சலே தனி அரிப்பாகிவிடும்.

கேள்வி: ஏழு வயதுப் பையனுக்குக் கன்னத்தில் வெளிறிய திட்டுகள். பூச்சி மருந்து கொடுத்தோம், போகவில்லை. வெண்புள்ளியாக இருக்குமோ?

குடல் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓரம் மங்கலாக, லேசான பொடிச் செதிலோடு இருந்தால் வறண்ட தோல் உள்ள குழந்தைகளுக்கு வரும் சாதாரணத் திட்டுதான். மாய்ஸ்சரைசர் போதும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகலாம். வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பையன் கண்ணை மூடிக்கொள்ளட்டும், பஞ்சு நுனியால் திட்டின் மேல் தொட்டு, எங்கே தொட்டேன் என்று கேளுங்கள். உணர்ச்சி இல்லாத தேமல் என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். முகத்தில் இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும், சந்தேகமாக இருந்தால் காட்டிவிடுங்கள். தொழுநோய்க்கு 6 முதல் 12 மாத மருந்தில் முழுக் குணம் உண்டு.

கேள்வி: மகளுக்குக் கரப்பான் (எக்ஸிமா). ஸ்டீராய்டு க்ரீம் எழுதியிருக்கிறார்கள். முதல் பதிலைப் படித்தபின் போடவே பயமாக இருக்கிறது.

பயப்படாமல் போடுங்கள். அங்கே நோய் வேறு, அது பூஞ்சை. கரப்பானுக்கு ஸ்டீராய்டுதான் சரியான மருந்து. எழுதிய வலிமையில், சொன்ன நாள் வரை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய க்ரீம், சுமார் அரை கிராம், பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு சேர்த்து) அளவு தோலுக்குப் போதும். பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டால் நோய் அடங்காமல் நாள்தான் நீளும். குளித்து ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர், தினமும், நோய் இல்லாத நாளிலும்.

கேள்வி (பயிற்சியில் இருக்கும் மருத்துவர்): இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் சிவந்து வீங்கியிருந்தால் ஆன்டிபயாடிக் தொடங்கலாமா?

ஆன்டிபயாடிக் எழுதக் கை ஓடும், நிறுத்துங்கள். செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் பரவும் பாக்டீரியாத் தொற்று) பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். இரண்டிலும் என்றால், காய்ச்சலும் இல்லை அரிப்பும் செதிலும் இருக்கிறது என்றால், சிரை ரத்தம் தேங்குவதால் வந்த தோல் அழற்சியாக இருக்கும். அப்புறம், கருத்த தோலில் சிவப்பைத் தேடாதீர்கள். அது ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும். தொட்டுச் சூடு பாருங்கள்.

கேள்வி: சொரியாசிஸ் ஒட்டுமா?

ஒட்டாது. சிலருக்கு அது மூட்டையும் பிடிக்கும், காலையில் விரல் மூட்டுகள் இறுகி வலித்தால் அதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தத் தடிப்புக்கு ராத்திரியே ஓட வேண்டும்?

உதடோ நாக்கோ வீங்கி மூச்சு திணறினால் உடனே. புது மாத்திரை தொடங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலோடு தோல் எரிந்து வலித்து, வாய் புண்ணாகி, கண் சிவந்தால் உடனே. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வலிப்புக்கான கார்பமசெபின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் இதற்குப் பேர்போனவை. அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள் காய்ச்சலோடு வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அக்கிக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆனால் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொப்புளம் மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் பரவலாம், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.