புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் சாவது ஏன்?

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் அதில் அம்மோனியா ஏறியிருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அதை நைட்ரைட்டாகவும் (இதுவும் விஷம்தான்), பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை மீன் வேண்டாம். குளோரின் நீக்கிய தண்ணீரில் ஃபில்டரை ஓட்டி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி அம்மோனியா சேருங்கள். அப்படிச் சேர்த்த 24 மணி நேரத்தில் டெஸ்ட் கிட் (தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி) அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பூஜ்யமாகக் காட்டினால் தொட்டி தயார். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்து அதை உங்கள் ஃபில்டரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் தயாராகும்.

தொட்டி தயாரானதும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மீன் கவரை 20 நிமிடம் மிதக்க விடுங்கள். வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதலில் மூன்று நான்கு சின்ன மீன்கள் போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.